ஜப்பானுக்குப் போய் ஆங்கிலத்தில் சட்டம் படிப்பதா?

மூன்று வாரமாக என் அக்கா மகன் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறுதோறும் முத்தியால்பேட்டையிலிருந்து வந்து, காபி குடித்துவிட்டு, என் பிரஷர் மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறவன். இப்போது வருவதில்லை. நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் காரணம். நடந்ததை எழுதிவிடுகிறேன். நான் சொன்னது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவன் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கெட்டிக்காரி. எட்டாவது படிக்கும்போதே "தாத்தா, நான் வக்கீல் ஆவேன்" என்று சொன்னவள். அவளை ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டமும் அரசியலும் படிக்கச் சேர்க்க வேண்டும் என்கிறான். முழுக்க ஆங்கிலத்திலேயே பாடம். "ஜப்பான் பாஷை ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம் மாமா, எல்லாம் இங்கிலீஷ்தான்" என்று வழவழப்பான ஒரு தாளை என் மடியில் வைத்தான். பூத்துக் குலுங்கும் செர்ரி மரம், அதன் கீழே சிரித்துக்கொண்டு நாலு நாட்டுப் பிள்ளைகள். இதற்காக என் அக்கா விட்டுப்போன வீட்டின் பத்திரத்தை பாங்கில் வைக்கவும் பேசி முடித்துவிட்டான்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "பாஷை தெரிய வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் போய் சட்டம் படிக்க வேண்டாம்."

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாதா மாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவன் பக்கத்து நியாயம். இந்தப் படிப்புகள் ஏமாற்று வேலை அல்ல. கியூஷு பல்கலைக்கழகம் 1994 முதலே சட்ட மேற்படிப்பை ஆங்கிலத்தில் நடத்துகிறது. வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை 3 லட்சமாக்குவது என்று 2008-இல் ஜப்பான் அரசு திட்டம் போட்டது. மறு வருஷம் 13 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்திலேயே முடிக்கக்கூடிய பட்டப்படிப்புகளைத் தொடங்கப் பணம் கொடுத்தது. கட்டணமும் கொள்ளை அல்ல. தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வைத்திருக்கும் வழக்கமான கட்டணம் வருஷத்துக்கு 5,35,800 யென், நம் பணத்தில் 3 லட்ச ரூபாயைச் சுற்றி வரும். லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அங்கே பிள்ளைப்பேறு குறைந்து வகுப்பறைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன, அதனால் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதில் தப்பில்லை. வருகிறவன் எதற்காக வருகிறான் என்பதுதான் விஷயம்.

இவள் வக்கீலாக வேண்டும் என்கிறாள். சரி, வக்கீல் எங்கே பேசுகிறார்? கோர்ட்டில். ஜப்பான் கோர்ட்டில் எந்த மொழி? 1947-ஆம் வருஷத்து நீதிமன்றச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, நீதிமன்றத்தில் ஜப்பானிய மொழியே பயன்படும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வக்கீல் பரீட்சையும் ஜப்பானியத்தில்தான். அந்த நாட்டுப் பிரஜையாக இல்லாதது அங்கே தடை அல்ல. கிம் கியோங்-தூக் என்ற கொரியர் குடியுரிமை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, 1977-இல் உச்ச நீதிமன்றத்தின் சட்டப் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்தார். ஆனால் அவர் ஜப்பானில் பிறந்து அந்த மொழியிலேயே வளர்ந்தவர். அந்தக் கதவுக்கு மொழி ஒன்றுதான் பூட்டு. அந்தச் சாவி வேண்டாம் என்று விளம்பரத் தாள் சொல்கிறது.

"சட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள் மாமா" என்றான். வைத்திருக்கிறார்கள். நீதி அமைச்சகம் 2009 முதல் இணையத்தில் நல்ல முறையில் போட்டு வருகிறது. ஆனால் அதே இடத்தில் அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள்: சட்ட வலிமை ஜப்பானிய மூலத்துக்கு மட்டும், மொழிபெயர்ப்பு பார்வைக்கு மட்டும். அப்படியானால் நாலு வருஷம், வீட்டை அடகு வைத்து, எதைப் படிக்கிறாள்? பார்வைக்கு மட்டும் என்று முத்திரை குத்திய காகிதத்தை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அவர்களுடைய அரசியல் சட்டத்தையே உதாரணம் காட்டுகிறேன். 1946 பிப்ரவரியில், போரில் தோற்ற நாட்டில், மக்ஆர்தரின் அலுவலகத்து அமெரிக்கர்கள் 10 நாளுக்குள் ஆங்கிலத்தில் நகல் எழுதினார்கள். அதில், சட்டத்தின் முன் சமம் என்று சொல்லும் இடத்தில் எல்லா மனிதரும் என்று இருந்தது. அந்நியருக்கும் சமமான பாதுகாப்பு உண்டு என்று தனியாக ஒரு விதியும் இருந்தது. ஜப்பானிய அதிகாரிகளோடு உட்கார்ந்து அவர்கள் மொழியில் முடிவு செய்து எழுந்தபோது அந்தத் தனி விதி காணோம். 14-ஆவது பிரிவில் நின்ற சொல் ‘கொகுமின்’, அதாவது நாட்டின் பிரஜைகள். ஆங்கில வாசகத்தைப் பிரித்தால் இன்றும் மக்கள் அனைவரும் என்று அர்த்தம் வருகிற மாதிரிதான் இருக்கும். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை, தானும் அந்த ‘மக்களில்’ ஒருத்தி என்று நினைத்துக்கொள்வாள். ஜப்பானியத்தில் படிக்கிறவளுக்கு முதல் வரியிலேயே சுருக்கென்று தைக்கும்.

இது சொல் விளையாட்டு அல்ல. மக்லீன் என்ற அமெரிக்கர் 1969-இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் கலந்துகொண்டார். தங்கும் அனுமதியை நீட்டித்துத் தர மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் முடிந்தது. அடிப்படை உரிமைகள், இயல்பிலேயே பிரஜைகளுக்கு மட்டும் உரியவை நீங்கலாக, அந்நியருக்கும் உண்டு. ஆனாலும் அனுமதியை நீட்டிக்கலாமா கூடாதா என்பது அமைச்சரின் விருப்பம், ஊர்வலத்துக்குப் போனதையும் அவர் கணக்கில் எடுக்கலாம் என்றார்கள். பாவம், ஆங்கில வாத்தியார் தோற்றுப்போனார்.

இனி என் கதை.

நான் படித்தது பிரெஞ்சில். 1954-இல் கொடி மாறியபோது எனக்கு நாலு வயது. 1962-இல் ஒப்பந்தம் சட்டப்படி முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இலக்கணம் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பாக்கலோரெயா தேறினேன். சட்டம் படிக்க ஆசை. பிரெஞ்சுச் சட்டம் படிக்க பிரான்சுக்குப் போக வேண்டும், அப்பாவிடம் பணம் இல்லை. இங்கே படிப்பதென்றால் ஆங்கிலம், அது என் வாயில் வராது. 1970-இல் அரசாங்க உத்தியோகத்தில் எழுத்தர். பிரெஞ்சு தெரிந்த பையன் என்று என்னைப் பழைய காகிதங்களிடம் உட்கார வைத்தார்கள். நொத்தேர் எழுதிய பத்திரங்கள், எத்தா சிவில் பதிவுகள் எல்லாவற்றையும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்த எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆங்கிலம் தெரிந்த மேலதிகாரிக்கு பிரெஞ்சு சைபர்.

1974-இல் ஒரு தானப் பத்திரம் வந்தது. புருஷன் சாகும் முன் வீட்டை மகன் பேருக்கு எழுதி, மனைவிக்கு ‘உய்சுஃப்ருய்’ வைத்திருந்தார். நம் பத்திரங்களில் ஆயுள்வரை ஆண்டு அனுபவிக்கும் பாத்தியதை என்று எழுதுவார்களே, அதுதான். மகன் விற்றாலும் கிழவியைக் கிளப்ப முடியாது. நான் அகராதியைப் பார்த்து ‘என்ஜாய்மென்ட்’ என்று எழுதினேன். படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்றால், மகன் பெரிய மனசு பண்ணி அம்மாவை இருக்க விட்டிருக்கிறான், அவ்வளவுதான் என்று. மகன் விற்றான். வாங்கியவன் வழக்குப் போட்டான். கோர்ட்டில் என் ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பு வக்கீல்களும் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் யாரோ புண்ணியவான் மூலத்தைக் கொண்டு வா என்று கேட்க, வேறொருவர் புதிதாக மொழிபெயர்க்க, வழக்கு கிழவி பக்கம் திரும்பியது. அதற்குள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வழக்கு நடக்கும்போது ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். திட்டமாட்டாள். "தம்பி, அவரு எழுதினதை நீ என்னான்னு எழுதினே?" என்று மட்டும் கேட்பாள். தமிழில் நான் சொன்னால் அவளுக்கு ஒரு நொடியில் புரியும், அது அவள் பாட்டி காலத்துப் பாத்தியதை. அவளுடைய வீட்டைப் பற்றிய வழக்கு பிரெஞ்சில் பிறந்து ஆங்கிலத்தில் நடந்தது. அவள் மொழியில் ஒரு வரிகூட இல்லை. ஓய்வு பெற்று 15 வருஷமாகிறது. இன்னும் அந்தக் குரல் கேட்கிறது. அக்கா மகன் பொறாமை என்கிறான். இருக்கலாம், பாதி. மீதிப் பாதி அந்தக் கிழவி.

அதனால்தான் ஜப்பான்காரர்களை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை. இந்தக் கண்றாவியெல்லாம் அவர்களுக்கும் வரவிருந்தது. வராமல் தடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் 1838-லேயே பிரெஞ்சில் சட்டப் பள்ளி வந்துவிட்டது. ஜப்பான் அப்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாடு. 1868-க்குப் பிறகுதான் விழித்து, வெள்ளைக்காரனுக்குச் சமமாக நிற்க அவனைப் போலச் சட்டம் வேண்டும் என்று கிளம்பினார்கள். நெப்போலியனின் சிவில் சட்டத்தை மொழிபெயர்க்க மிட்சுகுரி ரின்ஷோ என்ற இளைஞரை உட்கார வைத்தார்கள். நல்ல அகராதி இல்லை, கேட்க ஆள் இல்லை. பிரெஞ்சில் ‘துருவா’ என்கிறோமே, உரிமை, அதற்கு அவர்கள் மொழியில் சொல்லே இல்லை. சீனத்தில் வந்திருந்த ஒரு சர்வதேசச் சட்ட நூலின் மொழிபெயர்ப்பிலிருந்து ‘கென்ரி’ என்று எடுத்தார். சிவில் உரிமைக்கு ‘மின்கென்’, குடிமக்களின் உரிமை, என்று எழுதிக் கொண்டுபோனபோது குழுவில் இருந்தவர்கள், குடிமக்களுக்கு உரிமையா, அது என்ன பேச்சு என்று சண்டைக்கு வந்தார்களாம். மிட்சுகுரியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எத்தோ ஷின்பெய் என்ற தலைவர்தான் சமாளித்து அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் மொழிபெயர் என்று விரட்டியவரும் அவர்தான். நீதி அமைச்சராக இருந்த அந்த மனிதர், கலகத்தில் சேர்ந்து 1874-இல் அவசர விசாரணையில் தலை வெட்டுப்பட்டார் என்பது வேறு கதை.

1873-இல் பாரிஸிலிருந்து புவாஸொனாத் என்ற சட்டப் பேராசிரியர் டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 20 வருஷத்துக்கு மேல் இருந்தார். குற்றவாளிகளைச் சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கத்தை எதிர்த்து வாதாடியவர். பிரெஞ்சு வழிக் கல்வியில் வந்த எனக்கு அவர்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம். நீதி அமைச்சகத்தின் சட்டப் பள்ளியில் அன்று பாடம் பிரெஞ்சில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். ஆம், ஜப்பானில் ஆங்கிலத்தில் சட்டம் படிப்பது புதுசல்ல, அது அவர்கள் 140 வருஷத்துக்கு முன் கழற்றி வைத்த சட்டை. லண்டனிலும் பெர்லினிலும் படித்துவிட்டு 1881-இல் திரும்பிய ஹொசுமி நொபுஷிகே, வகுப்பை ஜப்பானியத்தில் நடத்தச் சொற்களைத் தேடி அலைந்ததைத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். 1887 வாக்கில்தான் எல்லாப் பாடத்தையும் ஒருவாறு சொந்த மொழியில் நடத்த முடிந்ததாம். புவாஸொனாத் எழுதிய சிவில் சட்டம் 1890-இல் வெளியாகி, அமலுக்கு வருமுன்னே 1892-இல் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி எழுத உட்கார்ந்த மூவரில் ஹொசுமி ஒருவர். மற்ற இருவர், தொமீ மசாகியும் உமே கென்ஜிரோவும், பிரான்சில் லியோன் நகரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டுக்குப் போகாதே, வேற்று மொழியில் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. தொமீயும் உமேயும் பிரான்சின் சட்டத்தை பிரான்சின் மொழியில் படித்தார்கள். பிரெஞ்சுச் சட்டத்தை பிரான்சில் டச்சு மொழியில் படித்துவிட்டு வந்தோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யார் மதித்திருப்பார்கள்? இந்தப் பெண்ணை அனுப்புவது அந்த மாதிரிதான்.

நாம் என்ன செய்தோம்? பிரெஞ்சு போனதும் ஆங்கிலத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டோம். உரிமை என்று அழகான சொல் நம்மிடம் எப்போதோ இருந்தது, யாரும் சீனத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில், கோர்ட்டில் தன் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நம் ஜனங்கள் வக்கீலின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. நகோயா பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலும் சட்டம் நடத்துகிறது. அதே பல்கலைக்கழகம் 2005-இல் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டிலும், அடுத்தடுத்து மங்கோலியா, வியட்நாம், கம்போடியாவிலும் ஜப்பானியச் சட்ட மையங்களைத் திறந்தது. அங்கே அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் ஜப்பானிய மொழி, பிறகு அந்த மொழியிலேயே ஜப்பானியச் சட்டம். ஏன் இந்தச் சிரமம்? மொழி இல்லாமல் அந்தச் சட்டத்துக்குள் போக முடியாது என்று அவர்களுக்கே தெரியும். தாஷ்கண்ட் பிள்ளைக்குத் தெரிகிற இந்த உண்மை முத்தியால்பேட்டைப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

கம்பெனி ஒப்பந்தமெல்லாம் ஆங்கிலத்தில்தானே என்பார்கள். ஆம். 1987 முதல் வெளிநாட்டு வக்கீல்கள் அங்கே பதிவு செய்துகொண்டு தங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லலாம். ஆனால் அவர்கள் தங்கள் நாட்டில் முதலில் வக்கீலானவர்கள். நம் பெண்ணோ இங்கும் வக்கீல் ஆகாமல், அங்கும் ஆகாமல், நடுக்கடலில் நிற்பாள். சர்வதேசச் சட்டம், ஐக்கிய நாடுகள் சபை, ஆசிய நாடுகளின் உறவு, இதெல்லாம் ஆங்கிலத்தில் தாராளமாகப் படிக்கலாம். வெளியுறவுத் துறையில் சேர விரும்புகிறவனுக்கு நானே கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். உள்ளூர் அரசியல் என்றால் அதுவும் நடக்காது. எம்.பி.யின் ஆதரவாளர் சங்கத்துக்கு அங்கே ‘கோஎன்காய்’ என்று பெயர். தேர்தல் வந்தால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி வேட்பாளர் பெயரைத் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போவார்கள், நம் ஊர் மாதிரியேதான். அந்தத் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் படிக்கிற அரசியல் ஏட்டுச் சுரைக்காய். செலவுக்குப் பகுதி நேர வேலை பார்க்கலாம் என்கிறது விளம்பரம். மாணவருக்கு வாரம் 28 மணி நேரம் அனுமதி உண்டு, வாஸ்தவம். கடையில் நின்று ஒரு உருண்டைச் சோறு விற்கவே ஜப்பானியம் வேண்டும், தெரியுமா?

அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னேன். "கண்ணு, போகாதேன்னு நான் சொல்லலை. ஒரு வருஷம் இங்கேயே அந்தப் பாஷையைப் படி. பிடிச்சிருந்தா போ, போய் அவங்க பாஷையிலேயே படி, பத்திரத்தை நானே பாங்குக்கு எடுத்துக்கிட்டு வர்றேன். பிடிக்கலைன்னா இங்கே சட்டக் கல்லூரியில சேரு." ஒன்றும் பதில் சொல்லாமல் போனாள்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு போன். அப்பாவுக்குத் தெரியாமல் மாடியிலிருந்து பேசுகிறாள் போலும், குரல் தாழ்ந்திருந்தது.

"தாத்தா, கென்ரின்னு எழுதிப் பார்த்தேன். ரெண்டே எழுத்துதான். ஆனா 22 கோடு போடணும். முதல் எழுத்துக்கே 15."

"வந்துச்சா?"

"பத்தாவது தடவைதான் வந்துச்சு."